செட்டியார் பொம்மைக்கு முன்னால்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை, அஞ்சாம் வகுப்போடு நின்றவள். மறதியும் கூடிவிட்டது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த நவராத்திரிக்கு அம்மன் சன்னதியில் கொலு பார்க்கப் போனேன். கீழ்ப்படியில் செட்டியார் பொம்மையும், முன்னால் கிண்ணங்களில் அரிசி, பருப்பு, பொட்டுக்கடலையும் இருந்தன. அதற்கு மேல் எந்தப் படியையும் பார்க்க மனம் வரவில்லை.

எங்கள் வீட்டுக் கொலுவிலும் செட்டியார் கடை உண்டு. அந்தப் பொட்டுக்கடலையை அக்கா அள்ளித் தின்றுவிட்டு, "செட்டியாருக்கு யாவாரம் ஆயிட்டு" என்பாள். அவள் காய்ச்சலில் இறந்த வருஷம் வீட்டில் கொலு வைக்கவில்லை. அம்மா பொம்மைகளை எல்லாம் கோயிலுக்குக் கொடுத்துவிட்டாள்.

அந்த நவராத்திரியில் என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போனவள், முந்தானையில் முடிந்து கொண்டுவந்த பொட்டுக்கடலையைச் செட்டியாருக்கு முன்னால் கொட்டினாள்.

"என்னக்கா, செட்டியாருக்குப் பசிக்காக்கும்?" என்று வரிசையில் நின்ற ஒருத்தி சிரித்தாள்.

"எம் பிள்ள வந்து எடுப்பா."

சிரித்தவள் என்னைப் பார்த்து, "எடுத்துக்கோட்டி" என்றாள். நானும் கையை நீட்டினேன்.

"இவ இல்ல" என்று அம்மா என் கையைத் தட்டிவிட்டாள்.

அக்காவைப் பார்த்தவர்களில் அண்ணனும் நானும்தான் மிச்சம். அவள் முகம் எனக்கு இப்போது பிடிபடவில்லை. கன்னத்தில் மச்சம் இருந்ததாக ஒரு நினைப்பு. அண்ணன் இதைப் படித்தால், சரிதானா என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.