ரேகை விழாத விரல்

மரக்காணம் உப்பளத் தொழிலாளர்களுக்கு மருத்துவ அட்டை பதியும் முகாம். அதற்காக விரல்ரேகை பதியும் செயலியைச் சோதித்தவன் நான்தான். வரிசையில் முதலில் நின்ற அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். ஒவ்வொரு முறையும் விரலைப் புடவையில் துடைத்துவிட்டுத்தான் கருவியில் வைத்தார். ஏழு முறை வைத்தும் பதியவில்லை. ரேகையை உப்பு தின்றிருந்தது.

“இத யாரு கைய வச்சிப் பாத்தீங்க?” என்று கேட்டார்.

“எங்க ஆபீஸ்ல இருக்கிறவங்க கையத்தாம்மா.”

“எங்கள்ல ஒருத்தர கூப்ட்டிருந்தா வந்திருப்போமே. சரி, நேரமாவுது, நான் பாத்திக்குப் போவட்டுமா?”

தலையாட்டினேன். வெறுங்கையோடு வெயிலில் இறங்கி நடந்தார்.

பிறகு உப்பளத்து விரல்களை வைத்தே சோதித்துச் சரிசெய்தோம். அவருக்கும் அட்டை கிடைத்தது. அன்று அவர் என்னைத் திட்டியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.