அட்டையில் இருந்த பெயர்

ஜாஸ் ஃப்யூஷன் பாட்டுகளுக்கு ஜாதகம் எழுதுவது என் பொழுதுபோக்கு. சம்பளம் தரும் வேலை ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் எடுப்பது. ஜாதக வேலை வீட்டுக்கு வந்தபிறகு செய்வது. ஒரு மெட்டு முதலில் எந்த ஊர் ஸ்டுடியோவில் பதிவானது, அன்று டிரம்ஸில் யார், அந்த மெட்டின் வேர் ஜாஸா, ராக்கா, நம் ராகமா என்று தோண்டி எடுத்து இணையத்தில் குறிப்பு எழுதுவேன். உத்திரமேரூரில் உட்கார்ந்துகொண்டு இதைச் செய்கிற ஒரே ஆள் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

அண்ணன் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். வாலாஜாபாத்தில் ஓர் அரிசி மில்லில் மெஷின் ஓட்டினார். மார்கழி பஜனையில் கஞ்சிரா வாசிப்பார். இளவயதில் மூட்டை லாரியோடு சென்னைக்குப் போன ஒரு நாள், ஏதோ ஒரு ஸ்டுடியோவில் வெளிநாட்டுக்காரர்களுக்கு வாசித்துவிட்டு வந்ததாகச் சொல்வார். வரவேண்டிய கலைஞர் வரவில்லையாம். அங்கே வாட்ச்மேனாக இருந்த எங்கள் ஊர்க்காரர் இவரை இழுத்துப்போய் உட்கார வைத்தாராம். வீட்டில் யாரும் நம்பவில்லை. "ஆமா, உன்னத் தேடிக்கினுதான் வந்தான் வெள்ளக்காரன்" என்பார் அண்ணி.

அண்ணன் என்னிடம் ஆசைப்பட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நீதான் இதெல்லாம் நோண்டிக்கினு கீறியே, அந்த ரெக்கார்டு எங்கனா கெடச்சா சொல்லுடா. நான் வாசிச்சத ஒரு தபா கேக்கணும்."

"பாட்டு பேரு என்னண்ணா?"

"அத்த யாரு கண்டா."

தேடினேன். நேர்மையாகச் சொன்னால், தேடுவதுபோல் பாவனை செய்தேன். எழுத்தில் இல்லாதது நடக்கவே இல்லை என்பது என் கொள்கை. அண்ணன் சொன்னது எந்த எழுத்திலும் இல்லை.

இத்தனைக்கும் ஏழு வருடமாக ஒரு பாட்டு என்னிடம் இருந்தது. மின்கிதார் ஏழு எண்ணிக்கையில் சுற்றிச் சுற்றி வரும். பின்னால் ஒரு கைப்பறை. யார் வாசித்தது என்று ரெக்கார்டு அட்டையில் இல்லை. பதிவு ஐரோப்பாவில் என்று போட்டிருந்தது. பாட்டின் பெயர் ஆங்கில எழுத்தில் ஒரே சொல்லாக இருந்தது: இன்னகெக்ரான். டெஹ்ரான் மாதிரி ஈரான் பக்கத்து ஊர் ஏதோ ஒன்று என்று முடிவுகட்டி, கைப்பறையும் பாரசீகத்து வாத்தியம் என்று நீளமாக ஒரு குறிப்பு எழுதினேன். நாலு பேர் அதைத் தங்கள் பக்கங்களில் எடுத்துப் போட்டார்கள். பெருமையாக இருந்தது. அண்ணன் வீட்டுக்கு வந்தால் மட்டும் பாட்டை நிறுத்திவிடுவேன். இந்த இரைச்சல் அவருக்கு ஏறாது என்று அதையும் நானே முடிவுகட்டியிருந்தேன்.

மில் சத்தத்தில் அவர் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. நாங்களும் கத்திப் பேசப் பழகிவிட்டோம். போன ஆடியில் ஒரு காய்ச்சல் வந்து மிச்சம் இருந்ததையும் கொண்டுபோய்விட்டது. காஞ்சிபுரத்தில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

"எத்தனை வருஷம் மில்லுல வேலை பார்த்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். அண்ணன் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இன்னா கேக்குறான்?" என்றார்.

டாக்டரைப் போய் அவன் இவன் என்கிறாரே என்று முதலில் எனக்குக் கூசியது. அடுத்த நொடி இரண்டு சொல்லும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு காதில் விழுந்தன. இன்னாகேக்குறான். இன்னகெக்ரான்.

பாட்டுக்குப் பெயர் என்ன என்று அன்று ஸ்டுடியோவில் அந்த வெளிநாட்டுக்காரர்கள் ஆங்கிலத்தில் கேட்டிருக்க வேண்டும். அண்ணன் புரியாமல் வாட்ச்மேனிடம் திரும்பி இப்படித்தான் கேட்டிருப்பார். அதையே பெயர் என்று எழுதிக்கொண்டு, பதிவு நாடாவை எடுத்துப்போய் அவர்கள் ஊரில் மீதி வாத்தியங்களைச் சேர்த்திருக்கிறார்கள். கல்லூரியில் சேர்ந்த வருடமே 'இன்னா'வை நாக்கிலிருந்து வழித்துப் போட்டவன் நான். என் ஊர்ப் பேச்சு ஆங்கில எழுத்தில் எதிரே வந்தபோது ஈரானுக்குப் போய்த் தேடியிருக்கிறேன். படித்த முட்டாள் என்றால் இதுதான்.

நரம்பு செத்துவிட்டது, காதில் மெஷின் வைத்தாலும் பிரயோஜனம் இல்லை என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

வெளியே பெஞ்சில் அண்ணனை உட்காரவைத்துவிட்டு, இயர்போனை மாட்டிக்கொண்டு பாட்டைக் கேட்டேன். ஒவ்வொரு சுற்று முடிவிலும் தேவையே இல்லாமல் கைப்பறையில் மூன்று தட்டு விழுகிறது. பாரசீக மரபு என்று நான் எழுதிவைத்த இடம். பஜனையில் எல்லாரும் கோவிந்தா சொல்லும்போது அண்ணன் போடும் தட்டு அது. விவரம் தெரிந்த நாளிலிருந்து கேட்டிருக்கிறேன். அழுகையை அடக்க முடியவில்லை. டாக்டர் சொன்னதற்காக அழுகிறேன் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் காட்டினேன்: நீ வாசித்த ரெக்கார்டு கிடைத்துவிட்டது அண்ணா.

எழுத்துக்கூட்டிப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். "நெசமாவா? இதுலயா கீது?" என்று என் போனைத் தொட்டார். "போடுடா, கேக்கறேன்."

காது போனது அந்த நேரத்தில் அவருக்கு நினைவில் இல்லை. அதை எழுதிக் காட்ட எனக்குக் கை வரவில்லை. இயர்போனை அவர் காதில் மாட்டி, சத்தத்தை முழுக்க வைத்துப் போட்டேன். கண்ணை மூடி, முதுகை நிமிர்த்தி, சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு காத்திருந்தார். திரையில் ஆறு நிமிடமும் ஓடி நின்றது.

அண்ணன் கண்ணைத் திறந்து, "ஆரம்பிச்சிட்டானா?" என்றார்.

இன்னும் இல்லை என்று தலையசைத்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து போட்டேன்.