பழைய பேப்பர் விலை

என் சகலைக்கு எங்கள் வீட்டில் ‘கிளவுஸ்’ என்று பெயர். வைத்தது என் மாமியார். மருமகனைப் போய் அப்படிச் சொல்லலாமா என்று கேட்டால், சோற்றைத் தொடும்போது கை கழுவாத மனுஷன் பொம்மைப் புத்தகத்தைத் தொடும்போது மட்டும் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொள்கிறாரே, வேறு என்னவென்று சொல்லட்டும் என்பார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

சகலை என்றால் என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். ஜெராக்ஸ், லேமினேஷன், ஸ்பைரல் பைண்டிங். காகிதத்தோடு புழங்கிப் புழங்கி அவருக்குக் காகித வாடைதான் அடிக்கும். ஒருநாள் யாரோ ஒரு வாடிக்கையாளர் கட்டோடு கட்டாக விட்டுப்போன பழைய காமிக்ஸ் ஒன்று அவர் கைக்கு வந்தது. மாதக்கணக்காய் யாரும் தேடி வரவில்லை. சும்மா படம் எடுத்து இணையத்தில் போட்டார். மறுநாளே ஒருவன் வந்து, கடையின் ஒரு மாத வருமானத்தை எண்ணிக் கொடுத்து வாங்கிப் போனான். அன்றைக்குப் பிடித்தது சனி.

அதற்குப் பிறகு சம்பாதித்ததையெல்லாம் அதில் கொட்டினார். வீட்டில் இருந்த ஒரே ஏசியைப் படுக்கையறையிலிருந்து கழற்றி, புத்தகம் வைத்த சின்ன அறையில் மாட்டினார். பெண்டாட்டி பிள்ளைகள் ஹாலில் வியர்த்து வழிய, காமிக்ஸ் புத்தகங்கள் ஜில்லென்று தூங்கின. ஈரம் உறிஞ்சுகிற சின்னப் பொட்டலங்கள் வேண்டும் என்று செருப்புக் கடை கடையாக ஏறி இறங்குவார். செருப்பு வாங்காமல் செருப்புக் கடையிலிருந்து பையோடு வருகிற ஆளை நான் அவரைத் தவிர வேறு பார்த்ததில்லை.

காலையில் எழுந்ததும் போனில் விலை பார்ப்பார். ஏறியிருந்தால் எனக்குப் போன் வரும். இறங்கியிருந்தால் கொழுந்தியாளுக்குத் திட்டு விழும். ஒரு கதாநாயகன் முதன்முதலாக வந்த இதழ் என்றால் ஒரு விலை, அட்டை மடங்காமல் இருந்தால் ஒரு விலை, ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்திருந்தால் பாதி விலை என்று வகுப்பு எடுப்பார். சரி, ஏறியிருக்கிறதே, விற்றுத் தொலையுங்களேன் என்பேன். ஏறினால் இன்னும் ஏறும் என்று விற்கமாட்டார். இறங்கினால், இந்த விலைக்கா விற்பது என்று விற்கமாட்டார். இதற்குப் பெயர் முதலீடாம். நான் பஸ் டெப்போவில் உதிரி பாகக் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவன், எனக்கு இதெல்லாம் விளங்காது என்று ஒரு சிரிப்பு வேறு.

அவர் கடையில் பாதியை பிளைவுட் வைத்து அடைத்து வாடகைக்கு விட்டிருந்தார். அந்தப் பாதியில் டைப்பிஸ்ட் அக்கா உட்கார்ந்திருப்பார். எங்கள் எல்லோரையும்விட மூத்தவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மிஷினில் தொடங்கி இப்போது கம்ப்யூட்டர் வரை கிரயப் பத்திரமாக அடித்துத் தள்ளியவர். டீ வந்தால் தடுப்பில் இரண்டு தட்டு தட்டி, “தம்பி, டீ ஆறுது” என்பார். சகலையின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடப் படிவமெல்லாம் காசு வாங்காமல் அடித்துக் கொடுத்தது அவர்தான். இப்படி ஒரு மனுஷிக்குத்தான் எங்கள் ஆள் அந்தக் காரியம் செய்தார்.

அக்காவுக்கு ஒரு தம்பி இருந்தான். மஞ்சள்காமாலை வந்து சின்ன வயசிலேயே போய்விட்டான். அவன் சேர்த்து வைத்த காமிக்ஸ் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தது. அக்கா சின்ன வீட்டுக்கு மாறும்போது பெட்டி வைக்க இடமில்லாமல் அதைக் கடைக்குக் கொண்டுவந்தார். நான் அன்றைக்கு லைசென்ஸ் நகல் எடுக்கப் போயிருந்தேன்.

“தம்பி, நீங்கதான் இதுல கில்லாடியாச்சே. இதுக்கெல்லாம் ஏதாவது மதிப்பு இருக்குமா?” என்று கேட்டார்.

சகலை பெட்டியைத் திறந்தார். வெறும் கையை உள்ளே விட்டு, பழைய செய்தித்தாளைப் புரட்டுவதுபோல் நாலைந்தைப் புரட்டினார். எச்சில் தொட்டு ஒரு பக்கத்தைத் திருப்பினார்கூட. பிறகு மூடிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். காகிதம் பழுத்துவிட்டது, இதை இப்போது சீண்டுவாரில்லை, உங்களுக்காக வேண்டுமானால் பழைய பேப்பர் விலைக்கு நான் எடுத்துக்கொள்கிறேன் என்றார். அக்கா, இதற்குப் போய் எதற்குக் காசு, சும்மா வைத்துக்கொள்ளுங்கள் என்றார். சும்மா வாங்கினால் நன்றாக இருக்காது என்று இவர் வற்புறுத்திச் சில நோட்டுகளைக் கையில் திணித்தார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. குப்பைக்குப் போகாமல் அருமை தெரிந்தவர் கைக்குப் போனதே என்று அந்தத் தெரு முழுக்கச் சொன்னார்.

சாயங்காலம் வீட்டுக்கு வாங்க என்று சகலை கூப்பிட்டார். போனால் ஏசி அறையில் கையுறை மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி ஒவ்வொரு புத்தகமாக எடுத்து உறையில் போட்டுக்கொண்டிருந்தார். முகமூடிக்காரன் ஒருவனின் கதை, முதல் இதழிலிருந்து வரிசையாக, நடுவில் ஒன்றுகூட விடாமல் இருந்ததாம். ஊரில் எவனிடமும் இப்படி ஒரு வரிசை கிடையாதாம்.

“காலையில இந்த கிளவுஸ் எங்க போச்சு?” என்று கேட்டேன்.

“போட்டிருந்தா அக்கா உஷாராயிருப்பாங்க சகலை,” என்று சிரித்தார்.

பாவம் அந்த அம்மாள், உங்களைக் கூடப் பிறந்தவன் மாதிரி நம்பிக் கேட்டதே என்றேன். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று பழமொழி சொன்னார். பழமொழிக்கு அவரிடம் எப்போதும் பஞ்சம் இருந்ததில்லை.

கொஞ்ச நாளில் அந்த முகமூடிக்காரனைப் பெரிய படமாக எடுக்கிறார்கள் என்று செய்தி வந்தது. விலை ஏணி வைத்து ஏறியது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. சகலைக்குத் தலைகால் புரியவில்லை. வெளியூரிலிருந்து ஒரு வியாபாரி கழுத்தில் பூதக்கண்ணாடியைத் தொங்கவிட்டுக்கொண்டு நேரே கடைக்கு வந்தார். வீட்டு ஏசி அறையில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பார்த்தார். புத்தகம் அசல், வரிசை முழுசு, ஆனால் ஒரு காகிதம் வேண்டும் என்றார். எத்தனை கை மாறியதோ என்று தெரியாத புத்தகத்துக்கு ஒரு விலை. ஒரே ஆள் புதிதாக வாங்கி, அவர் குடும்பத்திலிருந்து நேரே வந்தது என்று எழுத்தில் இருந்தால் ஒன்றரை மடங்கு விலை. அந்தக் குடும்பத்தில் யாராவது எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும்.

இருப்பதை விற்று வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். விடுமா ஆசை? தடுப்புக்கு அந்தப் பக்கம்தானே இருக்கிறார், நாம் கேட்டால் மாட்டேன் என்பாரா என்று மறுநாள் வியாபாரியையும் கூட்டிக்கொண்டு அக்காவிடம் போனார். நானும் பின்னாலேயே போனேன். போகாமல் இருந்திருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

சேகரிப்பவர்கள் சங்கத்துக்கு ஒரு காகிதம், நாலு வரி போதும் என்று கதைவிட்டார் சகலை. அக்காவுக்கு ஒரே சந்தோஷம். நாலு வரி கேட்டால் ஒரு பக்கம் அடித்தார். தம்பி மாதா மாதம் ஸ்டேஷன் கடையில் முதல் ஆளாக நின்று வாங்கியது, பஸ்ஸுக்குக் கொடுத்த காசை மிச்சம் பிடித்து நடந்தே போனது, தனக்குக்கூடத் தொட்டுப் பார்க்கத் தராதது, எல்லாவற்றையும் அடித்தார். நடுவில் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். கடைசியில் கை நின்றது.

“எவ்வளவுக்குக் குடுத்தேன்னு போடணுமே தம்பி.”

அது வேண்டாம், அன்பளிப்பு என்று போட்டுவிடுங்கள் என்றார் சகலை. ஆயுசு முழுக்கப் பத்திரம் அடித்தவரிடம் போய் இதைச் சொன்னார் பாருங்கள். தொகை போடாத கிரயத்தை அக்கா அடிப்பாரா? இல்லாத அன்பளிப்பை இருக்கிறது என்றுதான் போடுவாரா?

“அன்பளிப்பு இல்லையே. சும்மா வாங்கக்கூடாதுன்னு நீங்க காசு குடுத்தீங்களே. உங்க நல்ல மனச மறைக்கச் சொல்றீங்களே,” என்று சொல்லிவிட்டு, பழைய பேப்பர் விலைக்குக் கொடுத்தேன் என்று தொகையோடு அடித்தார். அடித்ததை வழக்கம்போல் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் படித்தார்.

வியாபாரிக்கு ஒன்றும் தெரியாது. அவர் தமாஷ் என்று நினைத்துக்கொண்டு சிரித்தார்.

“பழைய பேப்பர் விலைக்கா? இந்த முதல் புத்தகத்த மட்டும் வித்தா ஒரு புது ஸ்கூட்டர் வருமேம்மா.”

அக்கா சகலையின் முகத்தைப் பார்த்தார். சகலையின் முகத்தில் ஈயாடவில்லை. பூமி பிளந்து உள்ளே போகலாம் என்றால் முதல் ஆளாகப் போயிருப்பார். அவருக்கு அடுத்து நான் போயிருப்பேன். அக்கா காகிதத்தை அச்செடுத்தார், கையெழுத்துப் போட்டார், சகலையிடம் நீட்டினார். பிறகு அடுத்த ஆளின் பத்திரத்தை எடுத்துக்கொண்டார். நாலு கேள்வி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருந்தால் மனுஷன் அழுது தீர்த்திருப்பார். அந்த வழியும் இல்லாமல் போயிற்று.

வியாபாரி அங்கேயே முன்பணம் எடுத்தார். சகலை வாங்கவில்லை, பிறகு பேசலாம் என்று அனுப்பிவிட்டார். அக்காவின் கண் முன்னால் வாங்கக் கூசிவிட்டது என்று என்னிடம் சொன்னார். கூசியது நிஜம்தான். படம் வந்தால் விலை இன்னும் ஏறும் என்ற கணக்கும் கூடவே ஓடியது. அதை அவர் சொல்லவில்லை, எனக்குத் தெரியும்.

விஷயம் தெரிந்ததும் கொழுந்தியாள் பொரிந்து தள்ளிவிட்டாள். இன்றைக்கே பெட்டியைக் கொண்டுபோய் அவர்கள் காலடியில் வைத்துவிட்டு வாருங்கள், அப்புறம்தான் இந்த வீட்டில் உலை என்றாள். சகலை வேறு கணக்கு சொன்னார். இப்போது பெட்டியைக் கொடுத்தால் அக்காவுக்கு விற்கத் தெரியாது, எவனாவது ஏமாற்றிவிடுவான். உச்சத்தில் தானே விற்று, பாதியை அக்கா கையில் வைத்துக் காலில் விழுந்துவிடுவதாகச் சொன்னார். எவனாவது ஏமாற்றிவிடுவானாம்! அதை அவர் வாயால் சொல்லும்போது பல்லி கூடக் கத்தவில்லை.

அந்த நாட்களில் அவரைப் பார்க்க எனக்கே பாவமாக இருக்கும். கடையை நேரம் கழித்துத் திறப்பார். தடுப்புப் பக்கம் திரும்பமாட்டார். அக்கா மட்டும் மாறவேயில்லை. டீ வந்தால் அதே இரண்டு தட்டு, அதே “தம்பி, டீ ஆறுது.” டீ நிஜமாகவே ஆறிப்போய் ஆடை கட்டிக் கிடக்கும். அசிங்கமா இருக்கு சகலை, கண்ணாடியில் முகம் பார்க்க முடியவில்லை என்பார். அப்போ எழுந்து வாங்க, பெட்டியைத் தூக்குவோம் என்பேன். படம் மட்டும் வந்துவிடட்டும் என்பார். வெட்கம் ஒரு பக்கம் பிடுங்கித் தின்றது, பேராசை ஒரு பக்கம் கையைப் பிடித்து உட்காரவைத்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அவரை நாலு அறை அறைந்திருக்கலாம், சகலையாகப் போய்விட்டார்.

படம் வந்தது. வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தவர்கள் மத்தியானத்துக்குள் வாய்க்கு வந்தபடியெல்லாம் திட்டி எழுதிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தியேட்டரில் ஈ ஓட்டினார்களாம். விலை ஏறினது ஏணி வைத்து, இறங்கினது தொபுக்கடீர் என்று. முகமூடிக்காரனைத் தொட ஆளில்லை. வியாபாரிக்குப் போன் போட்டால் அடித்துக்கொண்டே இருக்கிறது.

மறுநாள் காலையில் சகலை என் வீட்டு வாசலில் டிரங்குப் பெட்டியோடு நின்றார். தூங்கியே பல நாள் ஆனவர்போல் இருந்தார். ஒரு கை பிடியுங்கள், அக்காவிடம் கொடுத்துவிடுகிறேன் என்றார். நான் ஒளிக்காமல் சொன்னேன்.

“மலை மேல இருந்தப்ப குடுத்திருந்தா அதுக்குப் பேரு மானம். இப்ப குடுக்கிறதுக்கு என்ன பேருன்னு நீங்களே சொல்லுங்க.”

தலையைக் குனிந்துகொண்டார். பணத்துக்காக இல்லை என்று மட்டும் சொன்னார். நான் அதை நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். ஆனால் அதை இனி யாரிடம் போய் நிரூபிப்பது?

அக்கா யாருக்கோ வாடகை ஒப்பந்தம் அடித்துக்கொண்டிருந்தார். முடிக்கும்வரை நாங்கள் இருவரும் பெட்டியோடு நின்றோம். முடித்துத் திரும்பினார். சகலை பெட்டியைக் கீழே வைத்து, “இது உங்களோடது அக்கா. நான் பண்ணினது பெரிய தப்பு,” என்றார். அக்கா மூடியைத் திறந்து பார்த்தார். ஒவ்வொன்றும் உறைக்குள் புத்தம் புதிதாக இருந்தது. நன்றாகத்தான் வைத்திருக்கிறீர்கள் என்றார். மூடியைச் சாத்தினார்.

“நானும் போன்ல வெலை பார்க்கக் கத்துக்கிட்டேன் தம்பி. தெனமும் பார்ப்பேன். ஏற ஏற, இன்னைக்குக் கொண்டு வந்துடுவீங்க, இன்னைக்குக் கொண்டு வந்துடுவீங்கன்னு ஒக்காந்திருந்தேன். கொண்டு வந்தா, எனக்கு எதுக்கு இது, நீங்களே வச்சுக்கோங்கன்னு சொல்லணும்னு வார்த்தையெல்லாம் யோசிச்சு வச்சிருந்தேன்.”

கோபமே இல்லாமல் சொன்னார். சொல்லிவிட்டு, பெட்டியைக் காலால் மெல்ல மேஜைக்கு அடியில் தள்ளிக்கொண்டு, வெளியே காத்திருந்தவரை உள்ளே வரச் சொன்னார். சகலை நின்ற இடத்திலேயே நின்றார். அந்தப் பக்கம் கடையில் ஒருவர் அட்டையை லேமினேஷன் போடவேண்டும் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். இவர் காதில் விழவில்லை. கடைசியில் நான்தான் போய், கடை இன்றைக்கு இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.