பிள்ளையார் முந்திச் சாப்பிட்ட கிழங்கு

ஜேர்மனியில, கெல்சென்கிர்ச்சனில எங்கட கடையில முருங்கைக்காயும் இருக்கும், கானாவில இருந்து வாற யாம் கிழங்கும் இருக்கும். யாம் எண்டால் எங்கட இராசவள்ளிக் கிழங்குக்குத் தமையன் மாதிரி, கை நீளத்துக்கு வரும். அதை வாங்க ஒவ்வொரு சனியும் ஒரு பஸ் சாரதி வருவார். கானாக்காரர், என்னைவிட மூத்தவர். நான் அண்ணை எண்டுதான் கூப்பிடுறது, அவருக்கும் அது பழகிட்டுது.

வந்தால் தன்ர ஊர்க்கதைதான். முந்தி வடக்கால உப்போட வந்த வியாபாரிகள் வெத்திலை மாதிரி மெல்லுற கோலாக்கொட்டை வாங்க அங்க தங்கி, பெண் எடுத்து, ஊராக்களாவே மாறிட்டினமாம். பிறகு லொறி ஓடத் தொடங்க, ஊர் யாம் சந்தையாயிட்டுது. மண்ணைக் குவிச்சு, குவியலுக்கு ஒரு கிழங்கு நடுவினமாம். நான் வாய் பாத்துக்கொண்டு நிப்பன். மனிசி உள்ளுக்கிருந்து, "காசு குடுக்க ஆக்கள் நிக்கினம்" எண்டுவா.

போன ஆவணி புதுக்கிழங்கு வந்திறங்கிச்சுது. அண்ணை தொட்டும் பார்க்கேல்லை, மூலையில கிடந்த பழைய சுருங்கலைப் பொறுக்கினார். தங்கட ஊர்த் தலைவர் திருவிழாவில முன்னோருக்குப் படைக்கும்வரை புதுக்கிழங்கை ஒருத்தரும் வாயில வைக்கக்கூடாதாம். அதுக்கு இன்னும் நாலு கிழமை.

எங்கட ஆக்களுக்கு இதுக்குத் தெரிஞ்ச வழி ஒண்டுதானே. அடுத்த சனி நல்ல கிழங்கொண்டை அவிச்சு, கடைப் பிள்ளையார் படத்துக்குப் படைச்சு, தேங்காய் உடைச்சு, கற்பூரமும் காட்டி, "படைச்சாச்சு, இனிச் சாப்பிடுங்கோ அண்ணை" எண்டு தட்டை நீட்டினன்.

அவற்ற முகம் இருண்டு போச்சு. "அப்ப எங்கட பெரியாக்களுக்கு முந்தி உங்கட கடவுள் சாப்பிட்டிட்டார்," எண்டிட்டு வெறும் பையோட போயிட்டார்.

ரெண்டு சனி ஆளைக் காணேல்லை. எனக்கெண்டால் விசர். நல்லது செய்யப்போய் ஒரு நல்ல மனுசனை இழந்திட்டன். "கேக்காமல் ஏன் செய்தனீங்கள்?" எண்டா மனிசி. அது நியாயம், அதாலதான் கோவம் கூடினது.

மூண்டாம் சனி அண்ணை வந்து நிக்கிறார். ஃபோனில ஊர் வீடியோ: மேளம், பெரிய குடை, சனம். "நேற்றுத் திருவிழா முடிஞ்சுது." நான் மன்னிப்புக் கேக்க வாயெடுக்க, கையைக் காட்டி மறிச்சார்.

"ஊரில மாமாட்டக் கேட்டனான். உப்பு வியாபாரிகள் வந்த காலத்தில, தூர இடத்தால வந்தவனுக்கு முதல் சாப்பாடு போட்டிட்டுத்தான் எங்கட ஆக்கள் சாப்பிட்டவையாம். உம்மட பிள்ளையாரும் தூரத்தால வந்தவர்தானே."

ரெண்டு புதுக்கிழங்கை எடுத்தார். ஒண்டைப் படத்துக்கு முன்னால வைச்சார்.

"நானும் தூரத்தால வந்தவன்தான் அண்ணை," எண்டன்.

"தெரியும். நாளைக்கு வீட்டை வாரும், முதல் தட்டு உமக்கு," எண்டிட்டு மற்றக் கிழங்கைப் பைக்குள்ள வைச்சார்.