மஞ்சள் பூ

குறிபார்த்துச் சுடும் போட்டிக்கென்று ஒரு துவக்குச் செய்யக் கொடுத்திருக்கிறேன். எந்தத் தோட்டா என்று இன்று மாலைக்குள் சொல்லாவிட்டால், எனக்கு வைத்திருக்கும் துவக்குக் குழலை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவாராம் பீலெஃபெல்ட் நகரத்துத் துவக்குக் கடைக்காரர். ஒரு தோட்டாவின் அளவுக்கென்று குழலைக் கடைந்துவிட்டால் பிறகு மாற்றவும் முடியாது.

நான் சுடப் போகும் சங்கத்து ஜேர்மன்காரர்கள் 308 தோட்டா என்கிறார்கள். இணையத்தில் ஆறரை மில்லிமீட்டர் என்கிறார்கள். எனக்கு நித்திரையே போய்விட்டது.

"பிள்ளையாருக்கு முன்னால பூக்கட்டிப் பாப்பமே?" என்றாள் மனைவி.

வெள்ளைப் பூ வந்தால் 308, சிவப்பு வந்தால் ஆறரை என்று பேச்சு. பொட்டலங்களை அவளே கட்டினாள். கும்பிட்டுவிட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தேன்.

மஞ்சள் பூ.

"இது என்னப்பா?"

"துவக்கே வேண்டாம் எண்டு அர்த்தம். பிள்ளையாரே சொல்லிப்போட்டார்."

தொலைபேசி அடிக்கிறது. கடைக்காரர்தான்.

பிள்ளையாரிடம் மேன்முறையீடு செய்து வென்றவர்கள் யாராவது இருந்தால் உடனே எழுதுங்கள்.