ஐ ஜி எச் டி குடும்பம்

எங்கள் வீட்டிலிருந்து முதன்முதலாக டை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள் நான்தான். மணமேல்குடியில் அப்போது புதிதாகத் திறந்திருந்த இங்கிலீஷ் மீடியம் பள்ளியின் மஞ்சள் வேன் எங்கள் தெருமுனைக்கே வந்து நிற்கும். மூன்றாம் வகுப்பில் இருந்த எனக்கு அந்த வேனில் ஏறுவதே ஒரு பட்டம் வாங்கியது மாதிரி இருந்தது. அதனால் அத்தைக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. வேறு யாரிடம் ஒப்படைப்பார்கள்?

அத்தை அப்பாவின் தங்கை. தாத்தாவும் அப்பத்தாவும் நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டதால் அவளுக்கு எல்லாமே அப்பாதான். புதுக்கோட்டைக்குப் பஸ்ஸில் போய்வந்து தமிழ் மீடியத்தில் டிகிரி முடித்திருந்தாள். அடுத்து பேங்க் பரீட்சைக்கு கோச்சிங் போக வேண்டும் என்று கேட்டாள். கல்யாணம் முடியட்டும், போகிற வீட்டில் படிக்க வைத்தால் படித்துக்கொள்ளட்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். அவளுக்காக அம்மா பேசிப் பார்த்ததும் எடுபடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பெரியப்பா சிங்கப்பூர் மாப்பிள்ளையின் ஜாதகத்தைக் கொண்டுவந்தார். பொருத்தம் நன்றாக இருந்தது. மாப்பிள்ளைக்கு ஒரே ஒரு நிபந்தனை, பெண் இங்கிலீஷ் பேச வேண்டும். ஆடி கழிந்து ஆவணியில் பார்க்க வருவதாகச் சொன்னார்கள்.

அப்பாவின் போக்கு அன்றோடு மாறிவிட்டது. உரக்கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டுப் போய் தலையணை தடிமனுக்கு ஒரு டிக்‌ஷனரி வாங்கி வந்தார். வீட்டுக்கு இங்கிலீஷ் பேப்பர் போடச் சொன்னார். சாயங்காலம் அத்தையை அடுப்படியில் பார்த்தால் அம்மாவிடம் கோபித்துக்கொள்வார். பேங்க் பரீட்சைக்குக் கிடைக்காத வசதியெல்லாம் மாப்பிள்ளைக்காகக் கிடைத்தது.

என் வகுப்பு தினமும் சாயங்காலம் வேனை விட்டு இறங்கியதும் தொடங்கும். எங்கள் மிஸ் வார்த்தைகளைக் குடும்பம் குடும்பமாகச் சொல்லிக்கொடுப்பார். நானும் அதேபோல ஸ்கேலைக் கையில் வைத்துக்கொண்டு ஐ ஜி எச் டி குடும்பத்தில் ஆரம்பித்தேன். நைட் என்றால் இரவு, லைட் என்றால் வெளிச்சம், ஃபைட் என்றால் சண்டை, டைட் என்றால் இறுக்கம், சைட் என்றால் பார்வை. இந்தக் குடும்பத்தில் ஜியும் எச்சும் வாயே திறக்காது, எழுத மட்டும்தான் வரும் என்று மிஸ்ஸின் குரலிலேயே சொன்னேன். அத்தை சம்மணம் போட்டு உட்கார்ந்து தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

முதல் வாரம் நல்ல மாணவியாகத்தான் இருந்தாள். பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தாள். ஒருநாள் கடையிலிருந்து வந்த காலி உரச்சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்து, அதில் ‘நெட் வெயிட்’ என்று போட்டிருந்ததைக் காட்டினாள்.

“ஏங்க டீச்சர், இதுலயும் அதே ஐ ஜி எச் டிதான இருக்கு? இது ஏன் வைட்டுன்னு வரல?”

முன்னால் ஈ இருந்தால் அப்படித்தான் என்று சமாளித்தேன். அவள் சாக்கை மடித்து வைத்துவிட்டு, அப்படியென்றால் ஹைட்டில் மட்டும் ஈ இருந்தும் ஏன் ஹெயிட் ஆகவில்லை என்றாள். மறுநாள் மிஸ்ஸிடம் கேட்டேன். அது அப்படித்தான் என்றார். அத்தையிடம் அதையே சொன்னேன். அவளுக்கு அது போதவில்லை. டிக்‌ஷனரியைப் புரட்டி அந்தக் குடும்பத்தின் தூரத்துச் சொந்தங்களையெல்லாம் தேடிப் பிடித்தாள். கே முன்னால் வந்தால் நைட் என்பது போர்வீரன் ஆகிவிடும், டிலைட் என்றால் பெருமகிழ்ச்சி, ஸ்லைட் என்றால் இலேசானது. ஆடி முடிவதற்குள் அவள் பேப்பரைச் சத்தமாக வாசித்து அம்மாவுக்கு அர்த்தம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஸ்கேலோடு பக்கத்தில் உட்கார்ந்து, சரியாகத்தான் சொல்கிறாள் என்ற முகத்தோடு தலையாட்டுவேன். என் கற்பிக்கும் திறமை எனக்கே வியப்பாக இருந்தது.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாப்பிள்ளையின் அம்மாவும் அண்ணனும் வந்தார்கள். மாப்பிள்ளை சிங்கப்பூரிலிருந்து வீடியோ காலில் வந்தார். அண்ணன் போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து நிறுத்தினார். அத்தை காப்பி கொடுத்துவிட்டு உட்கார்ந்ததும், ஏதாவது வாசிக்கச் சொல்லேன் என்று போனுக்குள்ளிருந்து குரல் வந்தது. நான் ஓடிப்போய் என் இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்து நீட்டினேன். வேண்டுமென்றே நிலாப் பாட்டு இருக்கும் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். அந்தப் பக்கம் முழுக்க எங்கள் குடும்பத்து வார்த்தைகள்தான்.

அத்தை தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தாள்.

“தி மூன் இஸ்… பிரிக்ட்… டு… நிக்ட்.”

எனக்குக் காது சூடாகிவிட்டது. அடுத்த வரியில் லைட்டை லிக்ட் என்றாள், சைட்டை சிக்ட் என்றாள். அண்ணன்காரர் உதவி செய்வதாக நினைத்து, சரிம்மா, ரைட்டுன்னா என்ன அர்த்தம், அதையாவது சொல்லு என்றார். அத்தை கொஞ்சம் யோசித்தாள்.

“பஸ்ஸ எடுக்கறதுக்கு கண்டக்டர் சொல்றதுங்க.”

போனில் மாப்பிள்ளையின் முகம் அப்படியே நின்றுவிட்டது. சிக்னல் போய்விட்டது என்று பெரியப்பா சொன்னார். நான் பொறுக்க முடியாமல், அத்தை, ஜி எச் சொல்லக்கூடாது என்று கத்தினேன். பின்னாலிருந்து அம்மாவின் கை வந்து என் வாயைப் பொத்தி அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனது.

ஊருக்குப் போய்த் தகவல் சொல்கிறோம் என்று எழுந்துவிட்டார்கள். பெரியப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அப்பா கடைக்குப் போய்விட்டார். என் பாடம் தோற்றுப்போய்விட்டதே என்று நான் அழுதேன். அத்தை என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து முகத்தைத் துடைத்துவிட்டாள்.

“டீச்சர் மேல ஒரு தப்பும் இல்ல. எனக்கு எல்லாம் நல்லாத்தான் புரிஞ்சுச்சு.”

ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைத்து இன்னும் பலமாக அழுதேன்.

அப்பா இரண்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மாப்பிள்ளை கைவிட்டுப் போனதைவிட, தங்கச்சிக்கு வாசிக்கத் தெரியவில்லை என்று நாலு பேர் சொல்லிவிட்டார்களே என்பதுதான் அவரை வாட்டியது. அந்த நேரம் பார்த்து அம்மா சோற்றைப் போட்டபடியே சொன்னாள்.

“இனி வரப்போற மாப்பிள்ளையும் வாசிக்கத்தான் சொல்லுவாங்க. இவ ஒரு பேங்க் பரீட்சைய எழுதி பாஸ் பண்ணிட்டான்னு வைங்க, அப்பறம் யாரு கேக்கப் போறா?”

அடுத்த வாரமே அத்தை கோச்சிங் வகுப்புக்குப் புதுக்கோட்டை பஸ் ஏறினாள். அவள் இப்போது மதுரையில் பேங்க் மேனேஜர். கூட வேலைபார்த்தவரையே, அப்பாவின் சம்மதத்தோடு கல்யாணம் செய்துகொண்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அப்பாவிடம் இன்றுவரை யாரும் எதுவும் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ.

எனக்கு அன்று இதெல்லாம் எங்கே புரிந்தது? எங்கள் பள்ளியில் ஃபெயிலானவர்களை மறுபடி கூப்பிட்டு டெஸ்ட் வைப்பார்கள். அத்தை திருச்சிக்குப் பரீட்சை எழுதப் போகிறாள் என்றதும், சிங்கப்பூர்க்காரர்தான் மறு டெஸ்ட் வைக்கிறார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அவளை வழியனுப்ப அம்மாவோடு பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவளிடம் எக்கி நின்று, மாப்பிள்ளை என்ன கேட்டாலும் பயப்படாமல் பதில் சொல் என்றேன். அத்தை அம்மாவைப் பார்த்தாள். அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“சரிங்க டீச்சர்” என்றாள் அத்தை.

பஸ் போன பிறகு அம்மாவின் கையைப் பிடித்து நடந்தபோது என் மனம் லேசாகியிருந்தது. இன்னொரு வாய்ப்புக் கொடுக்கிறார் என்றால் அந்த மாப்பிள்ளை அவ்வளவு மோசமான ஆள் இல்லை என்று தோன்றியது. அன்றுதான் எனக்கு அவர்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.