கோணல் ஓடுகள்

செல்வமேரி தூரிகையின் நுனியை நாக்கில் நனைக்கும்போதெல்லாம் எனக்குக் குமட்டும். அதே தூரிகைதான் சேற்றைத் தொடுகிறது.

"கழுவிக் காயவெச்ச சேறுண்ணா. நீங்க சாப்பிடுற ஓட்டல் சாம்பாரைவிட சுத்தம்" என்பார்.

கிழக்குத் தாம்பரத்தில் டயர் கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆய்வுக்கூடம். நான் அறிக்கை டைப் செய்பவன். செல்வமேரி பத்தொன்பது வருடமாக ஃபோராமினிஃபெரா பொறுக்குகிறார். கடலில் வாழும் ஒற்றைச் செல் உயிர்கள் அவை. செத்தபின் மிஞ்சுவது குண்டூசித் தலையைவிடச் சிறிய ஓடு. நுண்ணோக்கியில் முதலில் ஓட்டுச் சுவரைப் பார்ப்பார். மணல்துகளை ஒட்டிக் கட்டியதா, பீங்கான்போல் வெள்ளையா, நுண்துளைகளோடு கண்ணாடிபோல் மின்னுகிறதா? பிறகு அறைகள் வரிசையாக இருக்கின்றனவா, சுருண்டிருக்கின்றனவா என்று பார்த்துக் கறுப்பு அட்டையின் கட்டங்களில் இனம் இனமாக ஒட்டுவார். ஓரத்தில் தன் பெயரை எழுதுவார். அந்தப் பெயர் போட்ட அட்டை ஒன்றுகூடத் தப்பென்று திரும்பி வந்ததில்லை.

போன மாதம் ஒரு சாயத் தொழிற்சாலைக்குக் கழிமுகத்தில் இன்னும் அதிகமாகக் கழிவு விட அனுமதி வேண்டியிருந்தது. அங்குள்ள சேறு நன்றாக இருக்கிறது என்று நாங்கள் சொல்ல வேண்டும். சேறு வந்த டப்பாவைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் கீழே டயர் கடை வரை போனது. பொறுக்கிய முந்நூறு ஓடுகளில் அறுபத்தொன்று கோணல். அறைகள் திசைமாறிப் பிதுங்கியிருந்தன.

"தண்ணியில விஷம்ண்ணா. பாவம், வூடு கட்டத் தெரியாம முழிச்சிருக்கு."

முதலாளி ஷ்யாம்சுந்தர் எட்டிப் பார்த்தார். அவருக்கு எல்லாமே வெள்ளைப் புள்ளிதான். "கோணலையெல்லாம் எடுத்துட்டு வேற சாம்பிள்லேருந்து நல்லதா வெச்சிடுங்க, மேடம்."

மறுநாள் நுண்ணோக்கியில் அட்டையைப் பார்த்துத் திடுக்கிட்டேன். கோணல்கள் இருந்த இடத்தில் குமிழ் குமிழாக உருண்டை ஓடுகள். அவை நடுக்கடலில் மிதந்து வாழ்பவை, கழிமுகச் சேற்றில் வாழவே வாழாதவை என்பது டைப் செய்து டைப் செய்து எனக்கே தெரியும்.

"என்ன மேரி இது?"

"தெரிஞ்சுதான் வெச்சேன். அனுமதி குடுக்குற கமிட்டியில அஞ்சு புரொஃபசர் இருக்காங்க. ஒருத்தர் பார்த்தாலும் மாட்டிப்போம். மாட்டட்டும். முடியாதுன்னு சார்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரலண்ணா."

எனக்கு மட்டும் வந்துவிட்டதா? உருண்டைகளின் பெயர்களைப் பட்டியலில் சேர்த்து, 'சேறு நலமாக உள்ளது' என்று டைப் செய்து, அட்டையோடு கமிட்டிக்கு அனுப்பினேன். இந்தக் கையை நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது.

பதினோராம் நாள் அனுமதிக் கடிதம் வந்தது. 'உயிர்வளம் பாராட்டத்தக்கது.' கீழே ஐந்து கையெழுத்து. ஒரு படுபாவியும் அட்டையைப் பார்க்கவில்லை. ஷ்யாம்சுந்தர் ஆளுக்கொரு மைசூர்பாகு நீட்டினார். "அடுத்த சாம்பிளையும் இதே மாதிரி அழகா போட்டுடுங்க, மேடம்."

செல்வமேரி இருக்கையில் உட்கார்ந்து தூரிகையை எடுத்தார். பழக்கத்தில் நாக்கருகே கொண்டுபோனவர், நுனி பட்டதும் எழுந்து ஓடி வாஷ்பேசினில் காறித் துப்பினார். மூன்று முறை வாய் கொப்பளித்தும் போதவில்லை, மறுபடி துப்பினார். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"அந்த அட்டையைத் திருப்பி வாங்க முடியுமாண்ணா? அதுல என் பேரு கீதே."